கொல்லைப்புற வீட்டை கெஸ்ட் ஹவுஸ் ஆக்கினால் லாபமா? ஆரணியில் போட்டுப் பார்த்த ஒரு கணக்கு

"சார், ஊர்ல எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன வீடு பூட்டியே கிடக்கு. அதை நல்லா ரெடி பண்ணி நாள் வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். 7.8 லட்சத்துக்குக் கொட்டேஷன் வாங்கிட்டேன். மூணு வருஷத்துல போட்ட காசு வந்துடும்ல?"

நம்ம சப்ஸ்கிரைபர் ஒருத்தர் கேட்ட கேள்வி இது. ஊர் ஆரணி. உடனே பட்டுச்சேலை ஞாபகம் வந்தால், அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. இது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி பக்கம், ஆரணியாற்றங்கரையில் இருக்கிற ஆரணி. இந்தப் பெயர்க் குழப்பத்தால் வாடகையிலும் ஒரு சிக்கல் வரும், அதைக் கடைசியில் சொல்றேன்.

பணம் எங்கிருந்து வருதுன்னு கேட்டேன். அம்மா பேர்ல இருக்கிற எஃப்.டி. 5 லட்சம். மீதி 2.8 லட்சத்துக்கு மனைவியின் நகையை வைக்கிறதா பிளான். அப்பா இறந்த பிறகு அம்மா முன் வீட்டில் தனியாக இருக்கிறார். அந்த எஃப்.டி. வட்டியில்தான் அவருடைய மாத்திரை, மளிகை எல்லாம் ஓடுது. இதைக் கேட்டதும், சும்மா கமெண்ட்ல பதில் போட்டுட்டுப் போகக் கூடாதுன்னு தோணுச்சு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்த்தேன்.

உங்க ஊர்லயும் இதே மாதிரி ஒரு பின்கட்டு வீடு இருக்கலாம். அதனால் அங்கே நாங்க உட்கார்ந்து போட்ட கணக்கை அப்படியே உங்களுக்குத் தர்றேன். தொகைகள் அந்த வீட்டுக்கானவை. உங்க ஊர் ரேட்டை நீங்க விசாரிச்சு மாத்திக்கணும்.

வீடு எப்படி இருந்தது

சுமார் 360 சதுர அடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, நின்றால் திரும்ப முடியாத ஒரு சமையலறை, பின்பக்கம் தகரக் கூரை போட்ட வராண்டா. கான்கிரீட் தளம் போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கு. கழிப்பறை வெளியில், கிணற்றடிப் பக்கம். வயரிங் எல்லாம் மரப்பட்டி மேல ஓடின பழைய காலத்து வயரிங். எர்த் கிடையாது.

கொட்டேஷனை வாங்கிப் பார்த்தேன். ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், சுவருக்கு வால்பேப்பர், முன்னாடி உட்கார ஒரு கெசிபோ, பெரிய டைல்ஸ். கூரைக் கசிவுக்கு ஒரு வரி கூட இல்லை!

ஒரு சின்ன சுத்தியல் வாங்கி ஹால் தளத்தை அடியிலிருந்து தட்டிப் பார்த்தோம். நாலஞ்சு இடத்தில் வெத்துச் சத்தம். படுக்கையறை மூலையில் பூச்சு பெயர்ந்து கம்பி துருவோட தெரிஞ்சுது. இதுக்குக் கீழே ஃபால்ஸ் சீலிங் அடிச்சா என்ன ஆகும்? கசிவு நிற்காது, நம்ம கண்ணுக்குத் தெரியாமல் போகும். ரெண்டு மழைக்கு அப்புறம் ஜிப்சம் பலகை ஊறி, கெஸ்ட் தூங்குற கட்டில் மேலேயே விழலாம். இந்த மாதிரி இடத்தில் பொத்தலான சிமென்ட்டை முழுசா கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்ச்சு, துரு தடுக்கிற பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் பூசணும். அதுக்கு முன்னாடி மாடியில் தண்ணீர் இறங்குற இடத்தை அடைக்கணும். மேலே அடைக்காமல் கீழே பூசுவது வீண் செலவு.

இன்னொண்ணு. ஆரணியாறு ஆந்திராவில் இருந்து வருது. பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் இங்கே கரையோரத்தில் எல்லாரும் தூங்காமல் முழிச்சிருப்பாங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் எங்கே வரைக்கும் வந்ததுன்னு அம்மாகிட்ட கேட்டேன். நேரா கூட்டிட்டுப் போய் பின் வராண்டாப் படியைக் காட்டினாங்க. வீட்டுக்குள்ள வரலை. அதனால தரையை உயர்த்துற செலவு தேவையில்லை, ஆனா பிளக் பாயிண்ட் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு மேல வைக்கணும்னு அங்கேயே முடிவாச்சு. ஆற்றோரம் வீடு இருக்கிறவங்க இந்தக் கேள்வியை இன்ஜினியர்கிட்ட கேட்கிறதுக்கு முன்னாடி வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க.

தம்பி போட்ட கணக்கும் நான் போட்ட கணக்கும்

அவர் கணக்கு சிம்பிள். ஒரு நாளைக்கு 1,200 ரூபாய், மாசம் 20 நாள், வருஷத்துக்கு 2,88,000. 7.8 லட்சம் மூணு வருஷத்துக்குள்ள வந்துடும்.

20 நாள் எங்கிருந்து வருதுன்னு கேட்டேன். "சிறுவாபுரி முருகன் கோயில் பக்கத்துல இருக்கே சார். செவ்வாய்க்கிழமை எவ்வளவு கூட்டம்! பெரியபாளையம் இருக்கு. கும்மிடிப்பூண்டி சிப்காட் இருக்கு."

மூணும் உண்மைதான். ஆனா கூட்டம் வேற, ராத்தங்குற கூட்டம் வேற.

சிறுவாபுரிக்கு யார் வர்றாங்க? ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்து வேண்டினால் சொந்த வீடு அமையும்னு நம்பிக்கை. வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க சென்னைக்காரங்க. விடியற்காலையில கிளம்பி, தரிசனம் முடிச்சு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவாங்க. சென்னை–கல்கத்தா நெடுஞ்சாலை பக்கத்துலயே ஓடுது. வாடகை வீட்ல இருந்துக்கிட்டு சொந்த வீடு வேணும்னு வேண்ட வர்றவர், ஒரு ராத்திரிக்கு 1,200 கொடுத்து இங்கே தங்குவாரா?

பெரியபாளையம் பவானி அம்மன் கோயில் வேற மாதிரி. ஆடியில் ஆரம்பிச்சு வாரக்கணக்கில் திருவிழா. வேப்பஞ்சேலை கட்டி வேண்டுதல் முடிக்க வர்றவங்க குடும்பத்தோட வர்றாங்க, சனிக்கிழமையே வந்து தங்குறவங்க உண்டு. ஆனா அவங்க பத்து பதினைந்து பேரா வருவாங்க, பொங்கல் வெச்சு கூட்டாஞ்சோறு சாப்பிடணும். 360 சதுர அடியில அந்தக் கூட்டம் அடங்காது. சின்னக் குடும்பமா வர்றவங்க மட்டும்தான் நமக்கு.

சரி, தாராளமாவே போடுவோம். சீசன்ல 14 வாரம், வாரத்துக்கு 2 ராத்திரி, மொத்தம் 28. மீதி ஒன்பது மாசத்துக்கு மாசம் 4 ராத்திரி, 36. ஆகமொத்தம் வருஷத்துக்கு 64 ராத்திரி. அவர் நினைச்சது 240.

ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு செலவு உண்டு. பெட்ஷீட் துவைக்க, கூட்டித் துடைக்க 200. ஏசி ஓடுற கரண்ட்டுக்கு 150. ஆப் மூலமா வந்தால் கமிஷன் 15 சதவீதம்னு வெச்சா 180. மொத்தம் 530 போக கையில் நிற்பது 670 ரூபாய். 64 ராத்திரிக்கு 42,880. வைஃபை, சின்னச்சின்ன ரிப்பேர்னு வருஷத்துக்கு 12,000 கழிச்சா மிச்சம் 30,880 ரூபாய்.

இப்போ இந்தப் பக்கம் பாருங்க. அம்மாவோட 5 லட்சம் எஃப்.டி.க்கு 7 சதவீதம்னு வெச்சா வருஷ வட்டி 35,000. அது போயிடும். நகைக்கடன் 2.8 லட்சத்துக்கு 9 சதவீதம்னு வெச்சா 25,200 வட்டி கட்டணும். ரெண்டும் சேர்ந்து 60,200. அதாவது, 60,200 ரூபாயை இழந்து 30,880 ரூபாய் சம்பாதிக்கிறோம். போட்ட முதல் எப்ப வரும்ங்கிற கேள்விக்கே இடமில்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "2025 பட்ஜெட்ல ஹோம்ஸ்டேக்கு முத்ரா லோன் அறிவிச்சாங்களே சார், நகையை விட்டுட்டு அதுல போகலாமா?"ன்னு கேட்டார். அறிவிச்சது உண்மை. ஆனா வட்டிக்கே வருமானம் பத்தாத இடத்துல, எந்த லோனா இருந்தால் என்ன?

அப்போ யார் வந்து தங்குவாங்க?

சாயங்காலம் கவரைப்பேட்டை வழியா கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஒரு ரவுண்டு போனோம். டீக்கடை, மெஸ், ரெண்டு மூணு லாட்ஜ். யார் வர்றாங்க, எத்தனை நாள் இருக்காங்கன்னு மட்டும் விசாரிச்சோம். ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது: மெஷின் இன்ஸ்டால் பண்ண வர்ற இன்ஜினியர், ஷட்டவுன் வேலைக்கு வர்ற சூப்பர்வைசர், ஆடிட்டுக்கு வர்ற ஆள், புதுசா டிரான்ஸ்ஃபர் ஆகி வந்து குடும்பத்தைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் தனியா இருக்கிறவர். கும்மிடிப்பூண்டி சிப்காட் மட்டும் இல்லை, தேர்வாய்கண்டிகை சிப்காட் பக்கமும் வேலை இருக்கு.

இவங்களுக்கு ஒரு நாள் ரூம் வேண்டாம், வருஷ அக்ரிமென்ட்டும் வேண்டாம். மூணு வாரத்துல இருந்து மூணு மாசம். லாட்ஜ்ல இருந்து அலுத்துப் போனவங்க. அவங்க கேட்கிறது என்ன தெரியுமா? உள்ளேயே பாத்ரூம், சுடுதண்ணி, ஏசி, லேப்டாப் வைக்க மேஜை, துணி துவைக்க மெஷின், பைக் நிறுத்த இடம். நல்ல தண்ணி. கெசிபோ வேணும்னு ஒருத்தர்கூட கேட்கலை!

மேஜை நாற்காலி, கட்டில், ஏசியோட மாசம் 11,000, கரண்ட் தனி சப்-மீட்டர்ல. விசாரிச்ச வரைக்கும் இது நடக்கக்கூடிய வாடகை.

எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்

இதைத்தான் நீங்க கவனிக்கணும்னு நான் விரும்புறேன். புது வாடகையை ஜீரோவோட ஒப்பிடக் கூடாது. அந்த வீட்டைச் சாதாரணமா ஒரு குடும்பத்துக்கு விட்டா என்ன வரும்ங்கிறதோடதான் ஒப்பிடணும்.

முதல்ல, எப்படி விட்டாலும் செஞ்சே ஆகவேண்டிய வேலை. தளம் ரிப்பேர், மாடியில் வாட்டர்ப்ரூஃப், மேலே கூலிங் டைல்ஸ்: 50,000. வராண்டாவின் ஒரு மூலையில் உள்ளேயே கழிப்பறை-குளியலறை: 55,000. புது வயரிங், எர்த், ஷாக் அடிச்சா ட்ரிப் ஆகிற ஆர்சிசிபி: 35,000. மொத்தம் 1.4 லட்சம். வயரிங்ல கை வைக்காதீங்க. லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம், பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனியா 4. பழைய வயர்ல ஏசி மாட்டுறது வீட்டைக் கொளுத்துற வேலை. மேஸ்திரி வராண்டாத் தகரத்தைக் கழட்டும்போது கீழே ஒரு ஓரத்தில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்குன்னு சொன்னார். அதைச் சுத்தியலால் உடைக்க வேண்டாம், தண்ணீர் தெளிச்சு முழுசா கழட்டி எடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

இந்த 1.4 லட்சத்தோட ஒரு குடும்பத்துக்கு விட்டா 4,500 வாடகை. ஒரு மாசம் காலியா இருக்கும்னு வெச்சா வருஷத்துக்கு 49,500. வீட்டு வரி, பராமரிப்புக்கு 5,000 போனால் 44,500. தலைவலி இல்லாத வருமானம்.

இப்போ ஃபர்னிஷ் பண்ணி மாசம் 11,000க்கு விட்டா? 9 மாசம் ஆள் இருந்தா 99,000. வைஃபை, ஒவ்வொருத்தர் காலி பண்ணும்போதும் சுத்தம் பண்ற கூலி, ஏசி சர்வீஸ், ரிப்பேர் எல்லாம் 22,000. மிச்சம் 77,000. குடும்ப வாடகையை விட 32,500 கூடுதல். ஏசி, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாம் அஞ்சு வருஷம் உழைக்கும்னு எடுத்துக்கிட்டா, அஞ்சு வருஷத்துல கூடுதலா வர்றது 1,62,500. ஃபர்னிச்சர் செலவுக்கு அதுதான் உச்ச வரம்பு. அதைத் தாண்டினா நஷ்டம்.

நாங்க போட்ட பட்டியல் 1.3 லட்சத்துல நின்றது. ஒரு டன் ஏசி 34,000, கீசர் 7,000, ரெண்டு கட்டில் மெத்தையோட 28,000, பீரோ, மேஜை, நாற்காலி 18,000, சின்ன ஃப்ரிட்ஜ் 13,000, வாஷிங் மெஷின் 15,000, இண்டக்ஷன் அடுப்பும் பாத்திரமும் 5,000, கொசுவலை, திரை, சப்-மீட்டர், பூட்டு 10,000.

ஆக 2.7 லட்சம். எஃப்.டி.யில பாதிக்கு மேல கொஞ்சம். நகை பீரோவிலேயே இருக்கட்டும். அந்த 2.7 லட்சத்துக்கு எஃப்.டி. வட்டி 18,900 போனாலும், 77,000 வருது.

ஆனா இதுலயும் ஒரு ரிஸ்க் இருக்கு, மறைக்க விரும்பலை. 9 மாசத்துக்குப் பதில் 6 மாசம்தான் ஆள் இருந்தாங்கன்னா? 66,000ல 22,000 போனால் 44,000. குடும்பத்துக்கு விட்டிருந்தா வந்திருக்கிற அதே தொகை. 1.3 லட்சம் ஃபர்னிச்சர் போட்டது சும்மா. அதனால நான் சொன்ன வழி இது: முதல்ல 1.4 லட்சம் வேலையை மட்டும் முடிங்க. ஃபர்னிச்சர் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு கான்ட்ராக்டர்கிட்டயாவது பேசி, முதல் ஆளை உறுதி பண்ணுங்க. யாரும் கிடைக்கலையா, குடும்பத்துக்கு விடுங்க. ஒண்ணும் நஷ்டம் இல்லை. நடுவுல ஆள் இல்லாத வாரத்துல ஆடித் திருவிழா வந்தா, தெரிஞ்ச சின்னக் குடும்பத்துக்கு ரெண்டு நாள் கொடுங்க. அது உபரி.

தண்ணீர், அப்புறம் அம்மா

போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. குடிநீருக்கு பிஐஎஸ் சொல்ற அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் டிடிஎஸ். ஒரு பாட்டில்ல பிடிச்சு டெஸ்ட்டுக்குக் கொடுக்கச் சொன்னேன். அதிகமா இருந்தால் கேன் தண்ணீர் போட்டுடலாம், ஆனா கீசர் வாங்கும்போது உப்புத் தண்ணீரைத் தாங்குற டேங்க் உள்ளதா பார்க்கணும். புதுக் கழிப்பறைக் குழாய் கிணற்றுப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கமா செப்டிக் டேங்க்குக்குப் போகணும்.

இதெல்லாம் பேசிக்கிட்டு இருக்கும்போது அம்மா காபி கொண்டு வந்தாங்க. யாரும் அவங்களைக் கேட்கவே இல்லைன்னு அப்பதான் உறைச்சுது. "உங்களுக்கு என்னம்மா தோணுது?"ன்னு கேட்டேன்.

"யார் வேணும்னாலும் வரட்டும்பா. ராத்திரி பதினோரு மணிக்கு கேட்டைத் தட்டினா நான்தானே எழுந்து போகணும்? தினம் ஒரு முகம்னா எனக்குப் பயமா இருக்கு. ஒரே ஆள் ரெண்டு மாசம் இருந்தா பேர் தெரியும், ஊர் தெரியும்."

என் கணக்குல இல்லாத ஒரு வரி இது. 64 ராத்திரின்னா 64 தடவை சாவி கொடுக்கணும், 64 தடவை கதவைத் திறக்கணும். அதுக்குச் சம்பளம் யாரும் போடறதில்லை. பக்கவாட்டுச் சந்துல பின் வீட்டுக்குத் தனியா ஒரு கேட், நம்பர் பூட்டோட வைக்கிறதுன்னு முடிவாச்சு. கெசிபோ காசுல இதை நாலு தடவை வைக்கலாம்.

காகித வேலை

மாச வாடகைக்கு விட்டாலும் எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017ல் வந்தது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கு. ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு பண்ணணும். குடியிருப்புக்கு அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. "எங்க ஊர்ல பத்து மாசம் வாங்குவாங்க"ன்னு சொல்லாதீங்க. கம்பெனி வாடகை கொடுக்குதுன்னா கம்பெனி லெட்டரும், தங்குற ஆளோட அடையாள அட்டையும் வாங்கிக்கோங்க. வெளிநாட்டு இன்ஜினியர் தங்கினா, 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல தகவல் கொடுக்கணும், மறந்துடாதீங்க.

நாள் வாடகைன்னா இன்னும் கொஞ்சம் வேலை. லாட்ஜ் மாதிரி நடத்தினா மின்கட்டணம் வீட்டு ரேட்டுல இருக்காது, வணிக ரேட்டுக்குப் போயிடும். முன்கூட்டியே ஈ.பி. ஆபீஸ்ல கேட்டுக்கோங்க. பேரூராட்சியில வீட்டு வரியும் அப்படித்தான். மத்திய சுற்றுலாத் துறையோட ஹோம்ஸ்டே பதிவு ஒண்ணு இருக்கு, 1 முதல் 6 அறை வரைக்கும். உரிமையாளர் அங்கேயே குடியிருக்கணும்ங்கிறது நிபந்தனை. ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, வருஷ வரவு 20 லட்சத்துக்குள்ள இருக்கிற வரைக்கும் நீங்க பதிவு பண்ணத் தேவையில்லை.

வருமான வரி பற்றி ரெண்டே வரி. வீட்டு வாடகை வருமானத்துல வீட்டு வரியைக் கழிச்ச பிறகு, 30 சதவீதம் தானாகவே கழிவு கிடைக்கும். ரிப்பேர் பில்லைத் தனியா காட்ட முடியாது. வீடு அம்மா பேர்ல இருக்கிறதால வாடகையும் அம்மா வருமானம், அவங்க பேங்க் கணக்குக்குத்தான் போகணும். அவங்களுக்கு இந்தத் தொகைக்கு வரியே வராது.

கடைசியா ஒரு சங்கடமான கேள்வி கேட்டேன். "உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க?" ஒரு தங்கை, கல்யாணம் ஆகி திருத்தணியில் இருக்காங்க. அம்மா சொத்துல மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. எஃப்.டி. பணம் பத்தாமல் நாளைக்கு இவர் கைக்காசு 50,000 போட்டார்னு வைங்க, பத்து வருஷம் கழிச்சு அது பேச்சா வரும். அதனால தங்கையைக் கூப்பிட்டு, யார் எவ்வளவு போட்டாங்க, வாடகை யாருக்குன்னு ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி மூணு பேரும் கையெழுத்துப் போடச் சொன்னேன். தம்பிக்குக் கொஞ்சம் கூச்சம். அம்மாதான், "எழுதிடு, நல்லதுதானே"ன்னாங்க.

ஆ, அந்தப் பெயர்க் குழப்பம். ஆன்லைன்ல விளம்பரம் போடும்போது வெறும் 'ஆரணி'ன்னு போட்டால், பட்டு வாங்க வர்றவர் புக் பண்ணிட்டு திருவண்ணாமலை மாவட்டத்துல நின்னுக்கிட்டு போன் பண்ணுவார். 'ஆரணி, பெரியபாளையம் அருகில், திருவள்ளூர் மாவட்டம்'னு தலைப்பிலேயே போடுங்க, மேப்ல பின்னை நீங்களே கையால வீட்டு மேல வைங்க.